பாம்பை விடுங்க, ஆளைப் பாருங்க!

பாம்பு கடித்த ஒருவரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தைக் கவனித்திருக்கிறீர்களா? முதல் கேள்வி, "என்ன பாம்பு?" இரண்டாவது, "எத்தனை அடி இருக்கும்?" மூன்றாவது, "அடிச்சாச்சா, விட்டுட்டீங்களா?" மூன்றுமே பாம்பைப் பற்றித்தான். கடிபட்ட ஆசாமி ஓரமாகத் திண்ணையில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கல்யாண வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையை விட்டுவிட்டுச் சமையல்காரரை விசாரிக்கிற மாதிரி.

பத்து நிமிஷத்துக்குள் அந்தக் கூட்டம் ஒரு மெடிக்கல் போர்டாகவே மாறிவிடும். கடி எவ்வளவு சீரியஸ் என்று அளக்க ஆளுக்கொரு மீட்டர் கைவசம் இருக்கும்.

முதலாமவர் புள்ளிக் கட்சி. "ரெண்டு புள்ளி இருக்கா? அப்ப விஷம். வரிசையாக் கீறல் இருக்கா? ஒண்ணுமில்லை, மஞ்சள் தடவு." கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் ஒரு பல் மட்டும் இறங்கினால் ஒரே புள்ளி. இரண்டு தடவை கொத்தினால் நாலு புள்ளி. கட்டு விரியன் கடித்தால் பல சமயம் புள்ளியே தெரியாது. கோலம் போடத்தான் புள்ளிக் கணக்கு உதவும்.

இரண்டாமவர் நீளக் கட்சி. "சின்னக் குட்டிதாம்பா, ஒரு அடி கூட இல்லை" என்பார். ஏழடி சாரைப் பாம்பிடம் விஷம் கிடையாது. ஒன்றரை அடி சுருட்டை விரியன் ஆளையே முடித்துவிடும். பாம்பு விஷயத்தில் உயரமும் உத்தியோகமும் சம்பந்தமில்லாதவை.

மூன்றாமவர் சமையல் கட்சி. ஓடிப்போய் வேப்பிலை பறித்துக்கொண்டு வருவார். "மெல்லு. கசக்குதா? கசந்தா விஷம் ஏறலை." அப்புறம் மிளகு. அப்புறம் மிளகாய். ஏற்கெனவே பயத்தில் நாக்கு உலர்ந்து போனவனுக்கு எது கசக்கும், எது காரம்? இந்த டேஸ்ட் எல்லாம் முடிவதற்குள் அரை மணி நேரம் போயிருக்கும். விஷத்துக்கு அந்த அரை மணி இலவசம்.

நாலாவது ஆள்தான் ரொம்ப ஆபத்தானவர். அவர் கடிபட்டவரேதான். "ஒண்ணுமில்லைங்க, நல்லாத்தான் இருக்கேன்."

இந்த வாரம் சொல்ல வந்ததே இதைப் பற்றித்தான். பாம்புக் கடி எவ்வளவு தீவிரம் என்பது பாம்பிடம் இல்லை. புள்ளியில் இல்லை. கடிபட்டவர் இந்த நிமிஷம் எப்படி இருக்கிறார் என்பதில் கூட இல்லை. அடுத்த சில மணி நேரத்தில் அவர் உடம்பு என்ன செய்கிறது என்பதில் இருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

"எதுக்கு சார் இவ்வளவு யோசனை? பாம்பு கடிச்சதா, விஷமுறிவு ஊசியைப் போட்டு அனுப்பவேண்டியதுதானே?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரண்டு சிக்கல் இருக்கிறது.

ஒன்று, கடித்த பாம்பெல்லாம் விஷப் பாம்பு இல்லை. விஷப் பாம்பு கடித்தாலும் ஒவ்வொரு தடவையும் விஷம் இறக்குவதில்லை. கணிசமான கடிகள் வெறும் மிரட்டல். 'தள்ளிப் போடா' என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போய்விடும். டாக்டர்கள் இதை 'டிரை பைட்' என்கிறார்கள். காலி கவர் மாதிரி. ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும், உள்ளே லெட்டர் இருக்காது.

இரண்டு, மருந்து லேசுப்பட்டது இல்லை. பாம்பு விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்தில் ஊறும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்து எடுப்பதுதான் விஷமுறிவு மருந்து. குதிரைச் சரக்கு மனித உடம்புக்குள் போனால், சிலருக்கு உடம்பு கோபித்துக்கொள்ளும். தடிப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் தடாலென்று விழுவது எல்லாம் நடக்கலாம். அதனால்தான் அதை ஏற்றும்போது பக்கத்திலேயே அட்ரினலின் ஊசியைத் தயாராக வைத்திருப்பார்கள். விஷமே ஏறாதவனுக்கு இதைப் போட்டால், பாம்பு விட்டதை மருந்து பிடித்துக்கொள்ளலாம். விஷம் ஏறியவனுக்குப் போடத் தாமதித்தால் பாம்பே போதும்.

ஆக, போட்டாலும் வம்பு, போடாவிட்டாலும் வம்பு. நடுவில் நின்று முடிவெடுக்க வேண்டியவர் ராத்திரி டூட்டி டாக்டர்.

அப்படி ஒரு டாக்டரை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சில வருஷம் முன் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது. செய்யாறு பக்கம் எங்கள் கிராமம். சித்தப்பா பையனுக்கு இருபத்து நாலு வயசு. ஸ்ரீபெரும்புதூரில் வேலை, பண்டிகைக்கு லீவில் வந்திருந்தான். பொழுது சாய்கிற நேரம், மோட்டார் போட்டுவிட்டு வருகிறேன் என்று வரப்பில் நடந்தவன் கத்திக்கொண்டே வந்தான். பாதத்தில் கடி.

ஊர் மெடிக்கல் போர்டு கூடியது. நாலு பேர் ஓடிப்போய்ப் பாம்பை அடித்து உரச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தார்கள். பெரியப்பா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "அட, மலைப்பாம்புக் குட்டிடா இது. பயப்படாதே" என்று தீர்ப்புச் சொன்னார். உடம்பெல்லாம் பழுப்புத் திட்டு, தடி உடம்பு. மெஜாரிட்டி அவர் பக்கம்.

சித்தப்பா மட்டும், "எதுவா இருந்தாலும் ஆஸ்பத்திரிலே சொல்லட்டும்" என்றார். பையனை பைக்கில் நடுவில் உட்கார வைத்து, முன்னால் ஒருவர் ஓட்ட, பின்னால் நான் பிடித்துக்கொள்ள, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனோம். சாக்கும் இன்னொரு பைக்கில் பின்னாலேயே வந்தது. விஐபிக்கு எஸ்கார்ட் மாதிரி.

டூட்டியில் ஒரு லேடி டாக்டர். என் வயசுகூட இருக்காது. பெரியப்பா சாக்கை நீட்டினார்.

"அது வெளியிலே இருக்கட்டும் ஐயா. செத்த பாம்புன்னு கிட்டே போகாதீங்க. தலை மட்டும் இருந்தாலும் கடிக்கும்."

"மலைப்பாம்புக் குட்டிம்மா..."

"இருக்கட்டுங்க."

அவர் கேட்டது மூன்றே கேள்வி. "எங்கே கடிச்சுது? எத்தனை மணிக்கு? அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்க?" மூன்றும் பையனைப் பார்த்து. அப்போது எனக்குப் புரியவில்லை. இப்போது யோசித்தால் மூன்றாவது கேள்விதான் அழகு. தரையில் படுத்துத் தூங்கும்போது என்றால் கட்டு விரியன் மேல் சந்தேகம் போகும். நெல் வயல், இருட்டுகிற நேரம் என்றால் கண்ணாடி விரியன். காய்ந்த கல்லுமேடு என்றால் சுருட்டை. சாக்கைத் திறக்காமலே பாதி துப்பு கிடைத்துவிடுகிறது.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பிரிஸ்கிரிப்ஷன் எழுதப் போகிறார் என்று பார்த்தால், பையனின் காலில் எழுதினார்! வீக்கம் எதுவரை வந்திருக்கிறதோ அங்கே ஒரு கோடு. பக்கத்தில் மணி: 7.05. அரை மணி கழித்து வந்து இன்னொரு கோடு: 7.35. முதல் கோடு கணுக்காலுக்குக் கீழே. இரண்டாவது கணுக்காலுக்கு மேலே. ரயில் வருவது போல வீக்கம் ஸ்டேஷன் ஸ்டேஷனாக ஏறிக்கொண்டிருந்தது. கோடு போடாவிட்டால் 'கொஞ்சம் வீங்கியிருக்கு' என்று மட்டும்தான் சொல்லியிருப்போம்.

"என் விரலைப் பாருங்க தம்பி. தலையை ஆட்டாம, கண்ணாலே மட்டும் மேலே பாருங்க." இமை மேலே ஏறுகிறதா, பாதியில் தொங்குகிறதா என்று பார்க்கிறார்கள். "எல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதா? எச்சில் முழுங்குங்க. தலையணையிலேர்ந்து தலையைத் தூக்குங்க." நல்ல பாம்பு, கட்டு விரியன் விஷம் நரம்புக்கும் தசைக்கும் நடுவே உள்ள கனெக்‌ஷனைப் பிடுங்கிவிடும். முதலில் கட் ஆவது இமை. அப்புறம் கழுத்து, தொண்டை. கடைசியில் மூச்சு.

"மூச்சை நல்லா இழுத்து, ஒரே மூச்சிலே ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க. எவ்வளவு வருது பார்க்கலாம்." சாட்சாத் கபடி! பையன் முப்பத்தைந்து வரை போனான். இதையே மணிக்கொரு தடவை செய்து, எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசைகள் தோற்கின்றன என்று அர்த்தம். முன்கூட்டியே வென்டிலேட்டருக்கு ஏற்பாடு செய்யலாம். லட்ச ரூபாய் மெஷின் எதுவும் வேண்டாம். ஒண்ணு, ரெண்டு தெரிந்தால் போதும்.

கடைசியாக வந்தது ஒரு கண்ணாடிக் குழாய்.

கையிலிருந்து இரண்டு மில்லி ரத்தம் எடுத்து அதில் விட்டார். ஸ்டாண்டில் செங்குத்தாக வைத்தார். "இருபது நிமிஷம் யாரும் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது."

நாங்கள் ஏழு பேர், ஒரு கண்ணாடிக் குழாய். இருபது நிமிஷம். வேர்ல்டு கப் ஃபைனலைக் கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. சித்தி பெஞ்சில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

தத்துவம் ரொம்ப எளிது. நம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றி வைக்கிறோம். காலையில் பாத்திரத்தைச் சாய்த்தால், தயிர் உறைந்திருந்தால் நகராது. உறையாவிட்டால் தளும்பும். ரத்தமும் அப்படித்தான். நல்ல ரத்தம் கண்ணாடியில் இருபது நிமிஷத்தில் உறைந்துவிடும். கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் கடித்தால், ரத்தம் உறைவதற்கான சரக்கையெல்லாம் விஷம் காலி பண்ணிவிடும். குழாயைச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடும்.

இதிலும் ஒரு நுணுக்கம். குழாய் கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. கண்ணாடியின் மேல்பரப்பு பட்டால்தான் உறைகிற வேலை முறையாகத் துவங்கும். குழாய் புதுசாக, சுத்தமாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கழுவி வைத்த பழைய குழாயில் சோதித்தால் நல்ல ரத்தமும் உறையாமல் ஏமாற்றும். சில ரூபாய்க்குக் கிடைக்கிற சாமான். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி நூலிலேயே இந்தச் சோதனை இருக்கிறது.

இருபது நிமிஷம் முடிந்தது. டாக்டர் குழாயை எடுத்து மெதுவாகச் சாய்த்தார்.

ஓடியது.

மலைப்பாம்புக்கு விஷம் கிடையாது. மலைப்பாம்புக் குட்டி கடித்தால் ரத்தம் ஓடாது. அப்புறம் வார்டு பாய் டார்ச்சோடு போய்ச் சாக்கை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "கண்ணாடி விரியன்ங்க" என்றார். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது தமிழ்நாட்டில் மட்டுமில்லை, இந்தியா முழுக்க வழக்கம். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் வெளியே போய் பீடி பற்ற வைத்தார். நாங்கள் சாக்கை நம்பியிருந்தால் பையனுக்கு வீட்டில் மஞ்சள் பற்றுப் போட்டுத் தூங்க வைத்திருப்போம்.

பத்து குப்பி மருந்தை சலைனில் கலந்து ஏற்ற ஆரம்பித்தார்கள். அது என்ன பத்து? நான் பி.காம். கணக்குப் பார்க்காமல் தூக்கம் வராது. அப்புறம் தேடிப் படித்தேன். ஒரு மில்லி மருந்து, 0.6 மில்லிகிராம் கண்ணாடி விரியன் விஷத்தை முறிக்கும். ஒரு குப்பி பத்து மில்லி. பத்து குப்பி என்றால் நூறு மில்லி. அதாவது 60 மில்லிகிராம் விஷத்துக்குச் சரி. ஒரு கண்ணாடி விரியன் ஒரு கடியில் சராசரியாக இறக்குவது 63 மில்லிகிராம் என்று அளந்திருக்கிறார்கள். டெபிட்டும் கிரெடிட்டும் ஏறக்குறைய டேலி!

பக்கத்துக் கட்டிலில் ஒரு அஞ்சு வயசுப் பெண் குழந்தை. அதுவும் பாம்புக் கடி. அதற்கும் பத்து குப்பி. சித்தப்பா பதறிப்போய், "அம்மா, சின்னக் குழந்தைங்க. பாதி போட்டாப் போதாதா?" என்றார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

டாக்டர் திரும்பிப் பார்த்தார். "பாம்பு குழந்தைன்னு பாத்து பாதி விஷமாங்க விட்டுச்சு?"

அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மருந்து ஆளின் எடைக்கு இல்லை, விஷத்தின் எடைக்கு. அதே விஷம் சின்ன உடம்பில் இன்னும் வேகமாக வேலை செய்யும்.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடியும் குழாய். அது ஏன் ஆறு? மருந்து விஷத்தைத்தான் முறிக்கும். தீர்ந்துபோன உறைச் சரக்கைக் கல்லீரல்தான் புதிதாகத் தயாரிக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். அதற்குள் அவசரப்பட்டு மறுபடி பத்து குப்பி ஏற்றுவது வீண் செலவு. அதிகாலை இரண்டரை மணிக்கு டாக்டர் குழாயைச் சாய்த்தபோது ரத்தம் கெட்டித் தயிர் மாதிரி அசையாமல் நின்றது. சித்தி அப்போதுதான் அழுதாள்.

அத்தோடு விடவில்லை. சிறுநீரை அளந்து எழுதச் சொன்னார்கள். கண்ணாடி விரியன் சிறுநீரகத்திலும் கை வைக்கும். ரத்தம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் சந்தோஷமாக இருக்கும்போது ஓசைப்படாமல் சிறுநீர் குறைய ஆரம்பிக்கும். கட்டிலில் தொங்கிய அட்டையில் வரிசையாக நேரம், வீக்கம், இமை, மூச்சு, பி.பி., குழாய், சிறுநீர் என்று பத்திகள். பார்த்தவுடன் எனக்குப் பரிச்சயமான சமாச்சாரமாகத் தெரிந்தது. பேலன்ஸ் ஷீட் என்பது ஒரு தேதியில் கம்பெனி எப்படி இருந்தது என்று காட்டுகிற போட்டோ. மேக்கப் போட்டுக்கொண்டு எடுக்கலாம். உள்ளே நடப்பது தெரிய வேண்டுமானால் தினசரிப் பேரேட்டைப் புரட்ட வேண்டும். பாம்புக் கடிக்குப் பேலன்ஸ் ஷீட் செல்லாது. பேரேடுதான்.

அதே வார்டில் ஐம்பது வயசு விவசாயி ஒருவர். சாயங்காலம் கடித்ததாம். குழாய்ச் சோதனையில் ரத்தம் உறைந்தது. வீக்கம் இல்லை. "நல்லாத்தாம்மா இருக்கேன். கடைசி பஸ் போயிடும்" என்று கிளம்பினார். டாக்டர் விடவில்லை. "இருபத்து நாலு மணி நேரம் இருக்கணும்." அவருக்கும் ராத்திரி முழுக்கத் திரும்பத் திரும்ப அதே சோதனை, இமை, மூச்சு. மறுநாள் சாயங்காலம் வரை ஒன்றுமே ஆகவில்லை. காலிக் கவர். கிளம்பும்போது, "ஒரு நாள் வேலை வீணாப் போச்சு" என்று சலித்துக்கொண்டார்.

"வீணாப் போச்சுன்னு சொல்ல நீங்க இருக்கீங்களே ஐயா" என்றார் டாக்டர்.

'நல்லாத்தான் இருக்கேன்' என்று சொல்லிப் போய்ச் சேர்ந்த ஒருவர் சரித்திரத்திலேயே உண்டு. அவர் நம்மைப் போல ஆபீஸ் ஆசாமி இல்லை. கார்ல் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பாம்பு நிபுணர். சிகாகோவில் ஃபீல்டு மியூசியத்தில் இருந்தவர். 1957 செப்டம்பர் 25-ம் தேதி, அடையாளம் காண்பதற்காக வந்த ஒரு ஆப்பிரிக்கப் பாம்பு அவரைக் கடித்தது. பூம்ஸ்லாங் என்று பேர். குட்டிப் பாம்பு. கடியும் சின்னது. ரயில் ஏறி வீட்டுக்குப் போனார். குமட்டல், குளிர், ஈறில் ரத்தக் கசிவு என்று ஒவ்வொன்றையும் நேரம் போட்டு எழுதி வைத்தார். மறுநாள் காலை எழுந்து நன்றாகவே சாப்பிட்டார். தேறிவிட்டதாகத்தான் நினைத்தார். அன்று பிற்பகல் இறந்துபோனார். உடம்புக்குள்ளே பல இடங்களில் ரத்தம் கசிந்திருந்தது.

உலகத்திலேயே பாம்பு பற்றி நிறையத் தெரிந்த சிலரில் ஒருவர். பாம்பின் பெயர் தெரியும், நீளம் தெரியும், குறிப்பும் எழுதினார். ஆனால் அந்தக் குறிப்பை வாசித்து முடிவு சொல்ல வேறொரு ஆள் பக்கத்தில் இல்லை. தன் கணக்கைத் தானே ஆடிட் பண்ணக்கூடாது என்பது சும்மா வைத்த விதி இல்லை.

இப்போது கட்டு விரியனுக்கு வருவோம். பகலில் சாது. ராத்திரியானால் நடமாட்டம். தரையில் பாய் போட்டுத் தூங்குகிறவர்களைத்தான் அதிகம் கடிக்கும். வலி கிடையாது, வீக்கம் கிடையாது. கொசு கடித்த மாதிரி சொரிந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்வார்கள். விடியற்காலை வயிற்றைப் பிசையும். 'ராத்திரி சாப்பிட்ட பரோட்டா' என்று ஓம வாட்டர் கொடுப்பார்கள். கொஞ்ச நேரத்தில் இமை தொங்கும். 'தூக்கக் கலக்கம்' என்பார்கள். பேச்சு குழறும். அப்போதும் பாம்பு என்று யாருக்கும் தோன்றாது. பாம்பையே யாரும் பார்க்கவில்லையே! தரையில் படுத்தவர், விடிகாலை வயிற்று வலி, தொங்குகிற இமை. இந்த மூன்றும் சேர்ந்தால் பாம்பே இல்லாவிட்டாலும் பாம்புதான் என்று வைத்துக்கொண்டு ஓட வேண்டும்.

இன்னொரு விஷயம், கேட்டால் முதுகு சில்லிடும். கட்டு விரியன் விஷம் முற்றியவர் கண்ணைத் திறக்க முடியாமல், விரலை அசைக்க முடியாமல் கிடப்பார். கண்மணி கூட விரிந்து நின்றுவிடலாம். பார்ப்பவர்கள் 'மூளை போயிடுச்சு' என்று முடிவு கட்டி அழ ஆரம்பிப்பார்கள். ஆனால் அவருக்கு எல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும்! யார் யார் அழுதார்கள், நிலம் யாருக்கு என்று யார் பேசினார்கள் எல்லாம். மூச்சுக்கு மட்டும் மெஷின் கொடுத்துக் காப்பாற்றி வைத்தால், சில நாளில் நரம்பு தேறி எழுந்து உட்கார்ந்துவிடுவார். ஆகவே, அப்படிப் படுத்திருப்பவர் பக்கத்தில் நின்று தைரியமாக நாலு வார்த்தை பேசுங்கள். சொத்து விஷயம் வேண்டாம்.

அமெரிக்காவில் 1996-ல் ரேட்டில் ஸ்நேக் வகைக் கடிகளுக்கு ஒரு மார்க் ஷீட்டே போட்டார்கள். மூச்சு, ரத்த ஓட்டம், கடிவாய், வயிறு, ரத்தம், நரம்பு என்று ஆறு சப்ஜெக்ட். மொத்தம் இருபது மார்க். வாழ்க்கையில் சைபர் வாங்கினால் வீட்டில் பாயசம் வைக்கிற ஒரே பரீட்சை அதுதான். நம் ஊர்ப் பாம்புகளுக்கு அந்த மார்க் ஷீட் அப்படியே பொருந்தாது. ஆனால் ஐடியா ஒன்றுதான். அந்த ஆறு சப்ஜெக்டில் பாம்பின் நீளம் கிடையாது.

"நான் டைடல் பார்க்கில் உட்கார்ந்திருக்கிறேன், எனக்கு எதற்கு இந்தக் கதை?" என்றால், உங்கள் அப்பா எங்கே இருக்கிறார்? மாமனார் வயல் எங்கே? இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக் கடியில் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது. வருஷத்துக்கு 58 ஆயிரம். நாளைக்கு நூற்றைம்பதுக்கும் மேல். 2011-ல் வெளியான முந்தைய ஆய்வில் இன்னொன்று தெரிந்தது. இறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆஸ்பத்திரிக்கு வெளியிலேயே இறந்திருந்தார்கள். மருந்து தோற்றதை விட, மருந்து இருக்கிற இடத்துக்கு ஆள் போய்ச் சேராததுதான் அதிகம்.

மருந்துக்குக் குறை வராமல் இருக்க நம் செங்கல்பட்டுப் பக்கத்து ஆட்களே காரணம் என்பது பல பேருக்குத் தெரியாது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978 முதல் இருக்கிறது. பாம்பைப் பிடித்து, விஷத்தைக் கறந்து, திரும்பக் காட்டில் விட்டுவிடுவார்கள். அந்த விஷம்தான் மருந்து தயாரிக்கப் போகிறது. வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்கு 2023-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். 2024 மார்ச்சில் மத்திய அரசு பாம்புக் கடிச் சாவுகளை 2030-க்குள் பாதியாகக் குறைக்க ஒரு செயல் திட்டம் வெளியிட்டது. அந்த வருஷ நவம்பரில் தமிழக அரசு, பாம்புக் கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. கணக்கில் வந்தால்தானே கஜானா திறக்கும்!

சரி, நாளைக்கே உங்கள் கண் முன்னால் ஒருவரைப் பாம்பு கடித்தால் என்ன செய்ய?

மணியைப் பாருங்கள். செல்போனில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்கப் போகிற முக்கியமான கேள்வி அது. மோதிரம், கொலுசு, வாட்ச், ஷூ எல்லாவற்றையும் கழற்றுங்கள். வீங்கின பிறகு கழற்ற முடியாது. கடிபட்ட காலையோ கையையோ ஒரு கட்டை வைத்து, எலும்பு முறிந்தால் கட்டுகிற மாதிரி, அசையாமல் வையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டாதீர்கள். யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் படக்கென்று அவிழ்க்காதீர்கள், டாக்டர் பார்த்துக்கொள்வார். பிளேடால் கீறாதீர்கள். வாயால் உறிஞ்சாதீர்கள். அது சினிமாவில் கதாநாயகிக்கு மட்டும் வேலை செய்கிற வைத்தியம். அவரை நடக்க விடாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வர நேரமாகும் என்றால் கிடைத்த வண்டியில், அரசு ஆஸ்பத்திரிக்கு. அங்கே மருந்து இலவசம்.

பாம்பைத் துரத்த வேண்டாம். எட்ட நின்று ஒரு போட்டோ கிடைத்தால் எடுங்கள், கிடைக்காவிட்டால் விடுங்கள். இரண்டாவது ஆளையும் அது கடித்தால், உங்களுக்கு இரண்டு வண்டி வேண்டும்.

வழியில் அவரைப் பேச வைத்துக்கொண்டே இருங்கள். இமையைப் பாருங்கள். ஈறைப் பாருங்கள். உங்கள் பேனாவால் வீக்கத்தின் ஓரத்தில் ஒரு கோடு போட்டு மணி எழுதுங்கள். போய் இறங்கும்போது டாக்டரிடம் முதல் பக்கம் எழுதின பேரேட்டைக் கொடுத்த மாதிரி இருக்கும்.

நடுவழியில் அவர் நிச்சயம் சொல்வார்: "எனக்கு ஒண்ணுமில்லைப்பா, நல்லாத்தான் இருக்கேன். வண்டியைத் திருப்பு."

"ரொம்ப சந்தோஷம். இதையே நாளைக்கு இந்நேரம் டாக்டர் முன்னாடி சொல்லு" என்று சொல்லிவிட்டு, ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகுங்கள்.